ஒரு வீட்டுக்கு ஒரு ஊசி

எங்கள் பழவேற்காட்டுக் கால்நடை மருந்தகத்துக்கு இப்போது வந்திருக்கும் டாக்டரம்மா என் மகளைவிட வயதில் சிறியவர். நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. இருந்தாலும் வாரத்தில் ஒருநாள் அந்தப் பக்கம் போய், ஏதாவது வேலை இருந்தால் செய்துவிட்டு வருவேன். போன மாதம் ஒருநாள் அவர் ஒரு புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு எனக்கு ஒரு செய்தி சொன்னார். கோழிகளுக்கு நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட, டி.என்.ஏ. துண்டுகளைச் செயற்கையாகச் செய்கிறார்களாம். கிருமியிலிருந்து எடுப்பதில்லை, ஆய்வுக்கூடத்தில் கருவியை வைத்துக் கோத்துச் செய்வது. அதற்கு உயிர் கிடையாது, நோயும் தராது. ஆனால் கோழியின் உடம்பு அதைக் கண்டதும் கிருமி வந்துவிட்டதாக எண்ணி விழித்துக்கொள்ளும்.

"இப்ப நாம போடுற தடுப்பூசி புடிக்க ஒரு வாரம் ஆகுது இல்லையாண்ணா? இதையும் சேத்துக் குடுத்தா அந்த ஒரு வாரமும் கோழிக்குக் காவல் இருக்கும்னு பாக்கிறாங்க" என்றார்.

"நம்ம பக்கம் வந்துடுச்சாம்மா?"

"எங்க வர்றது. இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. வர்றப்ப நான் இங்க இருப்பேனோ இல்லையோ."

பிறகு, "முப்பது வருசத்துக்கு மேல ஊசி போட்டிருக்கீங்க. எழுதிக் குடுங்கண்ணா, நம்ம துறைப் பணியாளர் மலர்ல போடலாம். புதுசா வர்றவங்களுக்கு உதவும்" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். என்னிடமிருந்து யாருக்கும் பெரும்பாலும் கிடைத்த பதில் அதுதான்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு இது உதவுமா என்று சொல்ல முடியவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவுக்குப் படகு இருந்தது. பன்னிரண்டு வயதில் என்னையும் படகில் ஏற்றினார். வலை இழுக்கும்போது இந்தப் படகிலிருந்து அந்தப் படகுக்குக் கூவ வேண்டும். எனக்குக் குரல் எழும்பாது. வாயைத் திறந்தால் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருக்கும். ஒருமுறை தண்ணீருக்கடியில் நட்டிருந்த கழி ஒன்று என் கண்ணுக்குத் தெரிந்தும் நான் கூவவில்லை. வலை அதில் மாட்டிக் கிழிந்தது. "இவனுக்கு வாயே இல்ல. வாயில்லாத ஜீவனோட போய் இருக்கட்டும்" என்று நைனா அம்மாவிடம் சொன்னார். எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கால்நடை மருந்தகத்தில் கடைநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. முதல் ஆறேழு வருடம் பெருக்குவது, மாட்டைக் கட்டிப் பிடிப்பது, மருந்து கலக்குவது என்று போயிற்று.

அதற்கப்புறம் வந்தவரை டாக்டர் ஐயா என்றே எழுதுகிறேன். அவர் இப்போது இல்லை. ஒல்லியானவர். ஏரிக்காற்றில் மூக்குக்கண்ணாடியில் உப்பு படியும் என்று கைக்குட்டையால் அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார். கோபம் வந்தால் அவருடைய குரல் இறங்கும். முழுக் கோபம் என்றால் பேச்சே இருக்காது, கண்ணாடி மட்டும் துடைபட்டுக்கொண்டிருக்கும்.

அவருக்கு முன்னால் குப்பத்துக் கோழிகளுக்கு ஊசி போட யாரும் படகேறிப் போனதில்லை. கோழிதானே என்று விட்டுவிடுவார்கள். மழைக்காலத்தில் முகத்துவாரம் கொந்தளித்துப் படகு போகாத நாட்களில் அந்த வீடுகளில் அடுப்பு எரிவது கோழியாலும் முட்டையாலும்தான் என்று டாக்டர் ஐயா சொல்வார். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு குப்பத்தில் ஒரு கோழி மிஞ்சாது. வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். கழுத்து திருகிக்கொள்ளும். நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்து விழும். வந்த பிறகு மருந்து கிடையாது. வருவதற்கு முன்னால் ஊசி போட்டால் உண்டு.

ஊசி போடும் நாளுக்கு முந்திய மாலையே வேலை தொடங்கிவிடும். நான் பழவேற்காட்டு ஐஸ் டிப்போவுக்குப் போய் ஒரு கட்டி வாங்கி உடைத்து, மருந்துக் குப்பிகளோடு பிளாஸ்க்கில் போட்டு மூடுவேன். "ஊரே மீனுக்கு மூட்டை மூட்டையா வாங்குது. நீ ஒரு கட்டி வாங்கி கோழிக்கு சர்பத் போட்டுக் குடுக்கிறியா?" என்று டிப்போ பாய் ஒவ்வொரு முறையும் கேட்பார். எங்களிடம் பன்னிரண்டு ஊசிகள் இருந்தன. மழுங்கியதைக் கல்லில் தீட்டி, வரிசையாகத் தட்டில் அடுக்கி ஸ்டவ்வில் வைப்பேன். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து இருபது நிமிடம். நடுவில் மூடியைத் தூக்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. விடிவதற்குள் குப்பத்தில் இருக்க வேண்டும். கோழி கூடையை விட்டு வெளியே போய்விட்டால் பிடிக்க முடியாது.

ஒரு வீட்டுக்கு ஒரு ஊசி என்பது அவருடைய விதி. பன்னிரண்டு வீடு முடிந்தால் கரையிலேயே ஸ்டவ்வைப் பற்றவைத்து மறுபடி கொதிக்கவைப்பேன்.

அதற்கும் மேலே இன்னொரு விதி இருந்தது. மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்க் கூடைக்கு முன் குந்திக்கொள்வார். "இன்னிக்கு எந்தக் கோழி மெதுவா எழுந்தது? எது தீனி எடுக்கல?" என்று கேட்பார். கூடைக்கு அடியில் எச்சத்தைப் பார்ப்பார். ஏதாவது ஒரு வீட்டில் ஒரு கோழி சோர்ந்திருந்தாலும் அந்தக் குப்பத்துக்கே அன்றைக்கு ஊசி கிடையாது. ஒரு கோழிக்குள் இருக்கும் நோயை ஊசி எடுத்துக்கொண்டு அடுத்த கோழிக்குள் கொண்டுபோய் வைத்துவிடும். மருந்து பிடிக்க ஒரு வாரம் ஆகும், நோய் அதுவரை காத்திருக்காது என்று அவர் எனக்கு விளக்கியிருந்தார். இரண்டு முறை அவர் அப்படித் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். பெண்கள் கரைவரை வந்து திட்டினார்கள். "வந்ததுதான் வந்தே, போட்டுட்டுப் போனா இன்னா கொறஞ்சிடும்?" அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாசி மாதம். சுண்ணாம்புக்குளம் பக்கம் கழிச்சல் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, எங்கள் பக்கக் குப்பங்களுக்கு அவசரமாக நாள் குறித்தார் டாக்டர் ஐயா. முதலில் போக வேண்டிய குப்பத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பழவேற்காட்டிலிருந்து படகில் முக்கால் மணி நேரம். நாங்கள் கிளம்பும் சமயத்தில் திருப்பாலைவனத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். அவருடைய பசு கன்று போட முடியாமல் முந்தின நாளிலிருந்து கிடக்கிறது என்றார். டாக்டர் ஐயா அவரையும் பார்த்தார், என் கையிலிருந்த பிளாஸ்க்கையும் பார்த்தார்.

"நீ போ ஏழுமலை. எல்லாம் தெரியும் உனக்கு. கேக்க வேண்டியதக் கேளு. சின்ன சந்தேகம்னாலும் பெட்டிய மூடிட்டு வந்துடு. ஏன்னு நான் கேக்க மாட்டேன்."

குப்பத்தில் பெண்கள் கூடைகளோடு தயாராக இருந்தார்கள். நான் தனியாக வந்ததைப் பார்த்ததும் தொடங்கிவிட்டார்கள். எங்கள் பக்கம் பழகிய ஆண்களையும் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இன்னா நைனா, பெரியவரு வரலியா? உன்ன மட்டும் அனுப்பிச்சிட்டாரா?"

"பேசு நைனா, வாயத் தொறந்தா முத்து ஒண்ணும் கொட்டிடாது."

"அவரு எங்க பேசுறது. கோயி பெட்டையா இருந்தாக்கூட தலையக் குனிஞ்சிக்கிறாரு பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட மனதோடு சொன்னதில்லை. நானும் சிரிக்க முயன்றேன். எல்லா வீட்டையும் பார்த்த பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் இந்தப் பேச்சுக்கு நடுவில் குப்பம் முழுக்க இரண்டு முறை நடக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுவிட்டு அங்கேயே போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். மருந்தைக் கலந்தேன். கலந்த மருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர வேண்டும். மூன்று வீடு நல்லபடியாக முடிந்தது.

நான்காவது வீடு கன்னியம்மாவுடையது. கணவனை ஏரியில் பறிகொடுத்தவர், மீன்கூடை சுமந்து பிழைத்தவர். அவருடைய பதினோரு கோழிகளும் மகள் அமுலுவின் பேறுகாலத்துக்காக வளர்ந்தவை. "புள்ள பெத்தா நாப்பது நாளும் என் கையால கோயிச்சாறு. இவளோட ஒடம்பு அப்பதான் தேறும்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடித்துவைத்தார். ஏழு மாத வயிற்றோடு அமுலு வாசலில் உட்கார்ந்திருந்தாள். சுண்ணாம்புக்குளத்துக்கு அந்தப் பக்கம் அவளுடைய புகுந்த வீடு. இரண்டு நாளைக்கு முன்னால்தான் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பேறுகாலத்துக்கு மருமகளை அனுப்பும்போது மாமியார் வீட்டுக் கோழி இரண்டு அவளோடு போக வேண்டும். வெறுங்கையோடு அனுப்பினால் சம்பந்தி வீட்டில் பேச்சு வரும்.

நான் கேட்டேன், "எது தீனி எடுக்கல?"

"எல்லாம் நல்லாத்தான் துன்னுது" என்றார் கன்னியம்மா.

அமுலு தனியாக வைத்திருந்த ஓலைக்கூடையை என் பக்கம் தள்ளினாள். "இது எங்க அத்தை குடுத்ததுண்ணா. மொதல்ல இதுக்குப் போடுங்க."

முதல் கோழியைக் கையில் எடுத்தேன். சுட்டது. மூச்சு விடும்போது தொண்டையில் கொரகொரவென்று சத்தம். கூடைக்கு அடியில் பச்சையாக ஈரம்.

"படகுல வந்த அலுப்பு. அதான் சோந்துகினு கீது" என்றாள் அமுலு.

எனக்குத் தெரிந்துவிட்டது. நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். எழுந்து நின்று, நிறுத்துங்கள், எல்லோரும் கோழியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இருபது பெண்கள் சுற்றி நின்றார்கள். கூடவே அது அமுலுவின் மாமியார் வீட்டுச் சீர், குறை சொல்வது அவளுடைய புகுந்த வீட்டைச் சொல்வது. நான் வாயைத் திறந்து, "இது..." என்றேன்.

"இன்னா நைனா, கோயிகிட்ட கண்ணாலம் பேசப் போறியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. இறக்கையைத் தூக்கி ஊசியைப் போட்டுவிட்டேன்.

ஸ்பிரிட் பஞ்சால் ஊசியை அழுத்தித் துடைத்தேன். அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதே ஊசியால் அடுத்த கோழிக்கும், கன்னியம்மாவின் பதினோரு கோழிகளுக்கும் போட்டேன். நடுவில் சிரிஞ்சில் மருந்து தீர்ந்தபோது அதே ஊசியைக் கலவைக் குப்பியில் விட்டு உறிஞ்சினேன். அடுத்த வீட்டுக்குப் போனதும் விதிப்படி புது ஊசி மாற்றினேன். குப்பியில் இருந்த மருந்தை மாற்றவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. குப்பத்தின் கடைசி வீடுவரை ஒரு வீட்டுக்கு ஒரு ஊசி என்று மாற்றிக்கொண்டே போனேன்.

திரும்பி வந்தபோது டாக்டர் ஐயா கைகழுவிக்கொண்டிருந்தார். கன்று செத்துப் பிறந்திருந்தது, பசு பிழைத்துவிட்டது. "எல்லாம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

ஐந்தாம் நாள் கன்னியம்மா ஒரு செத்த கோழியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து மருந்தகத்து வாசலில் வைத்தார். நாங்கள் இருவரும் படகில் போனோம். மணலில் எங்கே பார்த்தாலும் கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு கிடந்தன. எழுந்து நின்ற சில, வட்டம் போட்டு நடந்து விழுந்தன. கரையிலேயே டாக்டர் ஐயா நின்று, குரலை இறக்கி என்னிடம் கேட்டார், "அன்னிக்கு எதாவது ஒண்ணு சோர்ந்து இருந்துச்சா?"

"இல்லீங்க ஐயா."

அவர் நம்பினார். நான் பொய் சொல்வேன் என்று அவருக்கு நினைக்கத் தெரியவில்லை. பெண்களுக்கு முன்னால் போய் நின்று கைகூப்பினார். "மருந்து வழியிலயே கெட்டுப்போயிருக்கணும். தப்பு எங்க மேலதான். மன்னிச்சிடுங்க." நான் அவருக்குப் பின்னால் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது வாரம் அந்தக் குப்பத்தில் ஒரு கோழிகூட இல்லை.

ஒரு மாதம் கழித்துச் சுகாதார நர்சம்மா என்னைத் தேடி வந்தார். கர்ப்பிணிகளுக்கு, பிறக்கும் குழந்தைக்கும் காவலாக இருக்கும் ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட அந்தக் குப்பத்துக்குப் போனாராம், அமுலுவும் கன்னியம்மாவும் கதவைச் சாத்திவிட்டார்களாம். "உங்களுக்குப் பழக்கமானவங்க. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். போனேன்.

கன்னியம்மா கோபமாகப் பேசவில்லை. "எங்க கோயிக்குப் போட்ட மருந்து கெட்டுப்போச்சுன்னு டாக்டரே கும்புட்டுச் சொல்லிட்டுப் போனாரு. அதே மெட்ராஸ்லேந்துதானே இதுவும் வருது? கோயின்னா போவுது. இது என் பொண்ணு." பிறகு என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு நைனா. நீதானே போட்ட. அந்த மருந்து கெட்டதா, இல்லியா? நீ இல்லன்னு சொல்லு, நான் போட்டுக்கச் சொல்றேன்."

எவ்வளவு எளிதாகக் கேட்டார். மருந்து நல்லது, நான்தான் கெடுத்தேன் என்று சொன்னால் போதும். நர்சம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமுலு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு, "டாக்டர் சொன்னா சரிதாங்க" என்றேன்.

கார்த்திகை மழையில் படகு போகாத ஒருநாள் அமுலுவுக்கு வீட்டிலேயே ஆண் குழந்தை பிறந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பழைய பிளேடால் தொப்புள்கொடி அறுத்தாளாம். ஏழாம் நாள் குழந்தை பால் குடிக்கவில்லை. எட்டாம் நாள் மழை விட்டதும் படகில் கொண்டுவந்தார்கள். நான் படகுத்துறையில் நின்றிருந்தேன். குழந்தையின் தாடை இறுகிக் கிடந்தது. பஸ் ஹாரன் அடித்தபோது அதன் உடம்பு வில்லாக வளைந்தது. கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார், நான் போகவில்லை. பொன்னேரி ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் குழந்தை போய்விட்டது. அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள்.

மறுநாள் காலை டாக்டர் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசியது அன்று மட்டும்தான். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, மேசைமேல் வைத்துவிட்டார். "அன்னிக்கு நான் மாட்டப் பார்க்கப் போயிருக்கக் கூடாது" என்றார். அவர் என்னை அடித்திருக்கலாம். பிறகு, "நாளைக்கு ரெண்டு பேரும் போவோம். நீ சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன். இல்லன்னா அந்த ஊர்ல இனிமே யாரும் எந்த ஊசியும் போட்டுக்க மாட்டாங்க" என்றார்.

மறுநாள் நான் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தனியாகப் போனார். என் பெயரைச் சொல்லாமல், மருந்து நல்ல மருந்துதான், ஒரு சீக்குக் கோழியிலிருந்து ஊசி வழியாக நோய் பரவிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். படகுக்காரர்தான் நடந்ததை எனக்குச் சொன்னார். கன்னியம்மா எழுந்து நின்று கேட்டாராம், "அப்ப எங்க பொண்ணு கொண்ணாந்த கோயியாலதான்னு சொல்றியா? புள்ளயப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கிறவகிட்ட வந்து சொல்ற வார்த்தையா இது? இல்ல, அந்த வாயில்லாத பையன் மேல பழியப் போடுறியா? அன்னிக்குக் கைகூப்பிச் சொன்னியே, அது இன்னா?" அவர் படகேறித் திரும்பிவிட்டார். அவர் சொன்ன உண்மை அங்கே பொய்யாகிவிட்டது. நான் சொல்லாமல் அது உண்மையாக வழியில்லை. அடுத்த வருடம் மாற்றலாகிப் போகும்வரை அவர் என்னை மறுபடி கேட்கவில்லை. என்னைத் தனியாக ஊசி போட அனுப்பவும் இல்லை.

அதற்குப் பிறகு பல வருடம் அந்தக் குப்பத்தில் கோழிக்கும் குழந்தைக்கும் ஊசி என்றால் கதவு சாத்தினார்கள். என்னிடம் மட்டும் யாரும் முகம் கோணியதில்லை. கன்னியம்மா இறந்த பிறகு அமுலு அந்தத் தாய்வீட்டிலேயே இருந்துகொண்டு பழவேற்காட்டில் மீன் விற்க வந்தாள். இன்றைக்கும் நான் போனால் இரண்டு இறால் கூடுதலாகப் போடுகிறாள்.

போன வியாழக்கிழமை டாக்டரம்மா தடுப்பூசி போட அந்தக் குப்பத்துக்குப் போனார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். இப்போது எல்லா வீட்டிலும் கோழி இருக்கிறது, அமுலு வீட்டில் மட்டும் இல்லை. ஏன் வளர்ப்பதில்லை என்று டாக்டரம்மா கேட்டார்.

"அதெல்லாம் பழைய கதைம்மா. அப்ப இருந்த டாக்டரு கெட்டுப்போன மருந்தக் குடுத்தனுப்பிட்டு, அப்பால வந்து இந்த அண்ணா மேல பழி போடப் பாத்தாரு. எங்கம்மாதான் உட்டுக்குடுக்கல. அண்ணாவையே கேளு, சொல்லுவாரு."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். அமுலுவும் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

புதிய மருந்தால் கோழியின் உடம்பு கிருமி வருவதற்கு முன்பே சத்தம் போடக் கற்றுக்கொள்ளும் என்றால் நல்லதுதான். அன்றைக்கு அது இருந்திருந்தால் சில கோழிகள் பிழைத்திருக்கலாம். அந்தக் குழந்தைக்கு வேண்டிய மருந்து நர்சம்மாவின் பெட்டியிலேயே இருந்தது.

இந்தத் தாள்களை டாக்டரம்மாவிடம் கொடுக்கப்போகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர் விருப்பம். டாக்டர் ஐயா கடைசியாக வந்து சொன்னதுதான் உண்மை என்று அமுலுவுக்குத் தெரிய வேண்டும். அமுலுவுக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே போய்ப் படித்துக்காட்டுங்கள் அண்ணா என்று டாக்டரம்மா சொல்வார். நான் தலையாட்டுவேன், போக மாட்டேன்.